எஞ்சினியரின் அக்கா

நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், இவள், குட்டி மூவரும் சௌக்கியம். குட்டிக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. குளிர் வந்துவிட்டது என்பதை அவள் மூக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வலிக்கவில்லை என்றுதான் எழுதுவாய். தெரிந்தேதான் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "சரி" என்று சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் எங்களோடு வந்து இருக்கச் சம்மதித்துவிட்டாய். முன்னறையைக் காலி செய்தாயிற்று. சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்தாயிற்று. நீ புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைக்கிறாயே, இனி அது வேண்டாம். அலமாரிக்குத் தச்சரிடம் அளவு கொடுத்துவிட்டேன். எங்கள் டிப்போ மெக்கானிக்கின் மச்சானிடம் லாரி இருக்கிறது. இருபத்தொன்பதாம் தேதி விடிந்ததும் உன் வாசலில் வந்து நிற்கும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று நினைக்காதே. போன ஜனவரியில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாய். நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், என்ன இந்தம்மா வேலைக்கு வரவில்லையே என்று தேடி வந்து கதவைத் தட்டியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? எனக்குச் சேதி வந்ததே நாலாம் நாள்தான். டிப்போவில் ஒரு பஸ் பத்து நிமிஷம் தாமதித்தால் ஊரையே கூட்டுகிறவன் நான். என் அக்கா மூன்று நாள் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

போனில் பேசினால் மறந்துபோகிறது, விவரமாக எழுது என்று நீதான் சொன்னாய். எழுதிவிட்டேன். தேதி தோதா என்று உடனே பதில் போடு.

உன் தம்பி


நவம்பர் 13

என் தம்பிக்கு,

ஆயிரம் ஆசிகள். முழங்கால் வலிக்கவில்லை. (நீ கேட்டபடியே எழுதிவிட்டேன், திருப்தியா?) குட்டியின் மூக்குக்கு ஆவி பிடிக்கச் சொல்.

மஞ்சள் சுவர், அலமாரி எல்லாம் படித்தேன். எனக்காக இவ்வளவு செய்கிறாயே என்று கண் நிறைந்துவிட்டது. ஒன்று சொல்லட்டுமா? நீ போனில் பேசுகிற வேகத்தில் நடுவே ஒரே ஒரு வார்த்தையைத்தான் நுழைக்க முடிகிறது. அந்த வார்த்தை "சரி". அதனால்தான் கடிதம் எழுதச் சொன்னேன்.

இருபத்தொன்பதாம் தேதியில் ஒரு சின்னச் சிக்கல். பழைய புத்தகக் கடையில் ஒரு நாவல் கிடைத்தது. ஓர் ஆற்றின் மேல் பாலம் கட்டுகிற கதை. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், தலையணை வேண்டாம். எண்பதாவது பக்கத்தில் இருக்கிறேன். பாலம் கட்ட வந்த எஞ்சினியரும், கல் உடைப்பவர்களின் தலைவரும் இப்போதுதான் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த நேரத்தில் பெட்டி கட்டச் சொன்னால் எப்படி? மூட்டை கட்டிவிட்டால் எது எதில் போனதென்றே தெரியாது. இந்த ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு வருகிறேனே.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


நவம்பர் 19

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல், பக்கமறிய அதைவிட ஆவல்.

உன் கடிதத்தை வைத்து ஒரு அட்டவணை போட்டேன். மொத்தம் 612. படித்தது 80. பாக்கி 532. நீ மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையிலிருந்து வந்துவிடுகிறாய். ஒரு நாளைக்கு இருபது பக்கம் என்று வைத்தால்கூட, நீ எழுதிய பதின்மூன்றாம் தேதியிலிருந்து இருபத்தேழு நாள், அதாவது டிசம்பர் பத்து. ஜலதோஷம், கண்வலி, பக்கத்து வீட்டுப் பேச்சு என்று ஐந்து நாள் தள்ளிக் கொடுக்கிறேன். லாரியை டிசம்பர் பதினைந்துக்கு மாற்றிவிட்டேன். மெக்கானிக்கின் மச்சான் முணுமுணுக்கிறார். புத்தகம் படிக்க வேண்டும் என்பதற்காக லாரியைத் தள்ளிப்போட்டது அவர் அனுபவத்தில் இதுதான் முதல் தடவையாம்.

இதைப் பார்த்துவிட்டு இவள் சிரிக்கிறாள். "புஸ்தகம் என்ன உங்க பஸ்ஸா, டைம் போட்டு விடுறதுக்கு?" என்கிறாள். டைம் கீப்பருக்கு எல்லாமே பஸ்தான். இருபது பக்கம், மறந்துவிடாதே.

உன் தம்பி


டிசம்பர் 4

தம்பிக்கு,

நீ, உன் மனைவி, குட்டி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன்.

உன் அட்டவணை கிடைத்தது. ஆனால் இருநூற்றுத் தொண்ணூறில்தான் இருக்கிறேன். சில பக்கங்களை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு நீ இடமே விடவில்லை.

கடையில் நேற்று ஒரு கூத்து. புதுக் கண்ணாடி வாங்குகிறவர்களுக்குப் படித்துப் பார்க்க ஓர் அட்டை கொடுப்போம். அதே எட்டு வரி, பத்து வருஷமாக. எனக்கே அலுத்துப் போய், அட்டைக்குப் பதில் என் நாவலை நீட்டினேன். ஒரு தபால்காரர் வாங்கிப் படித்தார். ஒரு பக்கம் ஆயிற்று, திருப்பினார். இரண்டு பக்கம் ஆயிற்று, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தெரியுதுங்களா?" என்றேன். "இருங்கம்மா, அந்தக் கல்லு விழுதா இல்லியான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நீ பக்கம்தான் கேட்டாய். கேட்காமலே சொல்கிறேன். இரண்டு மணிக்குக் கடையை விட்டு இறங்குவேன். மூக்கு நுனி உறைகிற குளிர். கீழே ரொட்டிக்கடையில் சூடாக ஒன்று வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மாடி ஏறுவேன். ஹீட்டரைப் போட்டால் கால் மணி நேரம் கடகடவென்று சண்டை பிடித்துவிட்டுத்தான் அடங்கும். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி, காலில் இரண்டு ஜோடி உறை, கை எட்டும் தூரத்தில் டீ. தெருவிளக்கு எரியும் வரை யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். எதிரே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போகும்போது மட்டும் தலை தூக்குவேன்.

குட்டியின் அரையாண்டுப் பரீட்சை எப்படி?

அக்கா


டிசம்பர் 14

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். குட்டி கணக்கில் மட்டும் என் மாதிரி, மற்றதில் அவள் அம்மா மாதிரி.

லாரியை மறுபடியும் ரத்து செய்தேன். மச்சானின் முகத்தில் இனி முழிக்க முடியாது. எனக்குக் கோபம்தான், மறைத்து என்ன? மஞ்சள் அடித்த அறையில் இவள் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே பனி. காலையில் டிப்போ வாசலே தெரிவதில்லை. ஒரு பஸ்ஸும் நேரத்துக்கு வருவதில்லை. என் கேபினில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்ப்பதுதான் இப்போது வேலை. டிரைவர்கள் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு என் அடுப்பில் குளிர் காய்ந்துவிட்டுப் போகிறார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் புத்தகத்தில்? கூடப்பிறந்தவன் வீட்டுக்கு வர விடாத அளவுக்கு? கதையையாவது சொல்.

உன் தம்பி


டிசம்பர் 23

தம்பிக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். உனக்குக் கோபம் மூன்று நாளுக்கு மேல் நிற்காது, ஐந்து வயதிலிருந்தே அப்படித்தான். உடம்பைப் பார்த்துக்கொள், கேபினில் குல்லாய் போட்டுக்கொள்.

கதை கேட்டாய். சொல்கிறேன். பாலத்துக்கு ஏழு தூண். நாலாவது தூண் எழும்புவதற்குள் எஞ்சினியருக்குத் தலை நரைத்துவிடுகிறது. முந்நூற்று நாற்பதாவது பக்கத்தில் புதிதாக ஒருத்தி வந்தாள். எஞ்சினியருக்கு ஓர் அக்கா இருக்கிறாளாம். வேறோர் ஊரில், தபாலாபீசுக்கு மேலே ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறாள். பகலில் தபால் பிரிக்கிற வேலை. எஞ்சினியர் ஆற்றங்கரையில் பெரிய வீடு கட்டிவிட்டு அவளைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறார். நல்ல மனிதர். அக்கா மேல் உயிர். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியவில்லை. அந்த இடத்தில்தான் நிற்கிறேன். மெதுவாகத்தான் படிக்க முடிகிறது.

உன் மனைவியை நான் கேட்டதாகச் சொல். துணி காயட்டும், தப்பில்லை.

அக்கா


ஜனவரி 2

அக்காவுக்கு,

நலம். பனி இன்னும் விடவில்லை. குல்லாய் போட்டிருக்கிறேன்.

லாரி விஷயம் இருக்கட்டும். அந்த எஞ்சினியரின் அக்கா என்ன சொன்னாள்? அதை மட்டும் எழுது.

உன் தம்பி


ஜனவரி 10

தம்பிக்கு,

நலமா? இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதே இல்லை. ஆனால் முதல் முறையாக என்னிடம் கதை கேட்கிறாய், அதனால் மன்னித்தேன்.

அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி வீட்டுக்கு ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ராஜ உபசாரம். உட்கார்ந்தால் தலையணை, எழுந்தால் செருப்பு. விளக்கைப் போடப் போனால் அதற்கும் ஒருவர் ஓடி வருகிறார். ஒருவரும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் திரும்பி வந்து தன் அறைக் கதவைத் திறந்ததும், நின்றபடியே ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தச் சின்ன அறையில் எதை எங்கே வைத்தோம் என்று இருட்டில்கூட அவள் கைக்குத் தெரியும். சம்பாதித்து, பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறை. அவளுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை, தம்பி. தனியாக இருக்கிறாள் என்று ஊர்தான் பரிதாபப்படுகிறது. அவள் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறாள்.

இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் அவன் முகம் சுண்டிவிடும். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியாது. அதனால் நாளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள்.

பக்கம் நானூற்றுப் பத்து. கண் கொஞ்சம் வலிக்கிறது.

அக்கா


ஜனவரி 27

தம்பிக்கு,

நான் எழுதிப் பதினேழு நாளாகியும் பதில் இல்லை. எல்லோரும் சுகம்தானே? இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் உன் மனைவிதான் எடுத்தாள். "நல்லாத்தான் இருக்காரு அண்ணி, டிப்போவுல இருக்காரு. வந்தாலும் ஒரு மூலையில உக்காந்துக்கிறாரு, கூப்புட்டா காது கேக்கல" என்றாள். என்னடா ஆயிற்று? வேலையில் ஏதாவது தகராறா? இல்லை, என் மேல் கோபமா?

எனக்கு இந்த இரண்டு வாரமாக எதையும் படிக்க ஓடவில்லை. நேற்று கடையில் ஒருவருக்கு வலது கண்ணாடியை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். வேலையில் தகராறு இல்லை. எழுதாமல் இருந்தது தப்புத்தான், ஆனால் ஒரு காரியத்தை முடிக்காமல் எழுதக் கூடாது என்று இருந்தேன். முந்தாநாள் முடித்தேன்.

டிசம்பர் கடைசியில் கடைத்தெரு நூலகத்துக்குப் போய் உன் பாலத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். படிக்க இல்லை, நீ சொன்ன முந்நூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு எவ்வளவு பாக்கி என்று பார்க்கத்தான். அந்தப் பக்கத்தைப் பிரித்தால் தூணுக்குச் சாந்து பூசிக்கொண்டிருக்கிறார்கள். அக்காவைக் காணோம். பதிப்பு வேறாக இருக்கும், முன்னே பின்னே வருவாள் என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கேபினில் உட்கார்ந்து படித்தேன். பனியால் பஸ் வராத நேரமெல்லாம் படித்தேன். போன வாரம் பனி விலகி, ஒரு பஸ் நேரத்துக்கே வந்து ஹாரன் அடிக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து, "சார், நாங்க கரெக்ட் டைமுக்கு வந்துட்டோம், நீங்கதான் இன்னும் வரல" என்றார். டிப்போ முழுக்கச் சிரிப்பு.

உன்னுடைய அந்த அக்காவுக்காகத்தான் படித்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு பக்கமும், இதோ வருவாள் என்று திருப்பினேன். ஐந்நூற்று எண்பதாம் பக்கத்தில் எஞ்சினியர் கல் உடைப்பவரிடம் சொல்கிறார், எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்று. கேபினில் உட்கார்ந்தபடியே அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

முதலில் கோபம் வந்தது. என் அக்கா என்னிடம் பொய் சொல்கிறாளே என்று. புத்தகத்தையும் உன் கடிதங்களையும் இவளிடம் நீட்டி, "பாத்தியா, இல்லாத ஒருத்திய வச்சுக் கதை கட்டியிருக்கா" என்றேன். இவள் கடிதத்தைப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "அவங்களுக்கு வர இஷ்டமில்லைங்க. இது எனக்கு நவம்பர்லயே தெரியும். இதைப் புரிஞ்சுக்க உங்களுக்கு அறுநூறு பக்கம் வேணுமா?"

வேண்டியிருந்தது, என்ன செய்வது. உன் ஜனவரிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். போன வருஷம் நீ இங்கே வந்திருந்தபோது விளக்கைப் போட ஓடி வந்தது நான்தான். உனக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று நினைத்தேன். நீ திரும்பிப் போய்க் கதவைத் திறந்து பெருமூச்சு விட்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் முகம் சுண்டிவிடும் என்று எழுதியிருந்தாய். சுண்டத்தான் செய்தது. அதனால் என்ன, அக்கா? ஒரு நாள் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

அந்தக் கதையின் மிச்சத்தை நான் சொல்கிறேன். அந்தத் தம்பி ஆள் அனுப்புவதை விட்டுவிட்டு ஒருநாள் தானே கிளம்பிப் போகிறான். தபாலாபீஸ் மாடிப்படி ஏறுகிறான். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறான். ஜன்னல், டீ, புத்தகம், எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. வா என்று அவன் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறான். அவ்வளவுதான்.

லாரி இனிக் கிடையாது. மச்சானிடமும் சொல்லிவிட்டேன், அவருக்குத்தான் சந்தோஷம். ஆனால் அந்தக் காய்ச்சல் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அதற்கு நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும். அதில் மட்டும் என்னை ஏமாற்றாதே.

உன் தம்பி


பிப்ரவரி 8

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை. அழுதேன். பிறகு அந்தக் கண்டக்டர் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். உன் மனைவியிடம் சொல், இந்தக் குடும்பத்திலேயே புத்தி இருப்பது அவளுக்கு மட்டும்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாவலை நவம்பர் இருபத்தேழாம் தேதியே முடித்துவிட்டேன். பாதி நாளில் உன் அட்டவணையை முறியடித்தேன், ஆனால் பெருமையடித்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு மூன்று துப்பறியும் கதைகள் படித்தேன். வலசை போகிற பறவைகளைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் படித்தேன். கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒரு பெண் தன் கதையைத் தானே எழுதியிருக்கிறாள், அதை இரண்டு தடவை படித்தேன். இவ்வளவையும் படித்துவிட்டு உனக்கு மட்டும், கண் வலிக்கிறது, நானூற்றுப் பத்தில் நிற்கிறேன் என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

காய்ச்சலுக்கு வழி கேட்டாய். நியாயம். மூன்று நாள் யாருக்கும் சொல்லாமல் படுத்துக்கிடந்தது என் வீம்பு. இன்று மாற்றுச் சாவி ஒன்று செய்து, ரொட்டிக்கடைக்குப் பின்னால் குடியிருக்கிற எதிர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். காலை எட்டு மணிக்குள் என் ஜன்னல் திரை திறக்காவிட்டால் அவர் மேலே வந்து கதவைத் திறப்பார். "நீங்க தூங்கிட்டுத்தான் இருக்கீங்கன்னாலும் எழுப்பிடுவேன், பரவால்லியா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். உன் போன் நம்பரையும் அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதில் ஏமாற்று இல்லை.

அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதினேழு. நீ எதைக் கேட்டாலும் கொடுக்க வீட்டில் ஒன்றும் இருக்காது. "சரி" என்று சொல்வது மட்டும்தான் என் கையில் இருந்தது. நாளைக்கு வாங்கலாமா என்பாய், சரி என்பேன். தூக்கிக்கொண்டு போ என்பாய், சரி என்பேன். அது நாக்கிலேயே தங்கிவிட்டது. உனக்கு நாற்பத்தைந்து வயதாகியும் உன் குரலைக் கேட்டால் அதுதான் முந்திக்கொண்டு வருகிறது. வரவில்லை என்பதை எழுத வேறொருவரின் புத்தகத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் பார்.

நான் வரவில்லை, தம்பி. எனக்கு இங்கே நன்றாக இருக்கிறது. உன் மேல் உள்ள பிரியத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எழுதிவிட்டேன். ஆனால் எழுதுவது எனக்குச் சுலபம். வாயால் ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடு. சாப்பிட்டாயா, முழங்கால் எப்படி என்பதெல்லாம் அப்புறம். எடுத்ததும், "வர்றியாக்கா?" என்று கேள். கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடாதே. எனக்குச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும், லைனிலேயே இரு.

உன் அக்கா